சித்தன்னவாசல்: ஒரு குன்றின் நிழலில் வளர்ந்த கிராமம்

ஒரு கிராமத்தின் அபிவிருத்திக்குத் திட்டம் வகுப்போர் முதலில் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று அவ்வூரின் நில இயல்பு. மற்றொன்று அதன் சரித்திரம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை விளக்க, புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

புதுக்கோட்டை நகரிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில், சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் அமைந்துள்ளது. இங்கு வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் பாறைக் குன்றே ஊரின் அடையாளம். சுற்றிலும் செம்மண் நிலமும், இடையிடையே கற்பாறைகளும் காணப்படும். வற்றாத ஆறு இப்பகுதியில் இல்லை. ஆகவே மழைநீரைத் தேக்கும் கண்மாய்களே உழவுக்கு ஆதாரம். வடகிழக்குப் பருவமழை பொய்க்காவிடில் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளையும். மேட்டு நிலங்களில் மானாவாரியாக நிலக்கடலை முதலியன பயிராகும். பாறையில் விழும் மழை உடனே வழிந்து ஓடிவிடுவது இயல்பு. அதனைத் தடுத்துத் தேக்குவதே இம்மாவட்டத்து முன்னோர் கைக்கொண்ட நீர் நிருவாகத்தின் சாரம்.

மக்கள் இங்கே குடியேறியது மிகப் பழங்காலத்தில். குன்றைச் சூழ்ந்த வெளிகளில் பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள், கல்வட்டங்களாகக் காணப்படுகின்றன. பின்னர் சமணத் துறவிகள் இக்குன்றை உறைவிடமாகக் கொண்டனர். கீழ்ப்புறத்தில் ‘ஏழடிப்பாட்டம்’ எனப்படும் இயற்கைக் குகை உளது. பாறையில் வெட்டிய ஏழு படிகளால் அப்பெயர் வந்தது. அங்கு வழவழப்பாக இழைக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. ஒரு படுக்கையில், கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்குச் சிறுபாவில் இளயர் என்பார் இவ்விருக்கையைச் செய்தளித்தார் என்பது அதன் கருத்து. வெளிநாட்டிலிருந்து வந்த துறவிக்கு உள்ளூரார் இடமளித்த செய்தி இது!

மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உள்ளது. இதனை மகேந்திரவர்ம பல்லவன் அமைத்தான் என ஒரு காலத்தில் அறிஞர் கருதினர். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதனைப் புதுப்பித்து, முகமண்டபமும் எடுப்பித்தார் என்பதைப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அதனால் ஓவியங்கள் 9ஆம் நூற்றாண்டின என இன்று பெரும்பாலோர் கொள்கின்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவை அறிஞர் உலகின் கவனத்துக்கு வந்தன. இவற்றை உலகறியச் செய்தவர்களுள் டி. ஏ. கோபிநாத ராவும், புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயிலும் குறிப்பிடத்தக்கவர்கள்.

விதானத்தில் தீட்டப்பட்டிருப்பது அரண்மனையன்று, போர்க்களமன்று. ஒரு தாமரைக் குளம்! மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானையும் எருமையும் நீரில் இறங்குகின்றன, ஆடவர் மலர் கொய்கின்றனர். சமண சமயக் கருத்தை உணர்த்தும் சித்திரமே ஆயினும், நீர் நிறைந்த குளத்தை நேரில் கண்டவனே இதனை எழுதியிருத்தல் வேண்டும். வறண்ட நிலத்தில் குளமே செல்வம் என்பதை உழவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948இல் இந்திய யூனியனுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் தனி மாவட்டமாயிற்று. ஆட்சிகள் மாறினும் குன்றும் கண்மாயும் மாறவில்லை. ஆனால் அவை தாமாகவே நிலைத்திருக்கும் என எண்ணலாகாது. சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டிய ஓவியத்தின் பெரும்பகுதி காலத்தாலும் மனிதர் கையாலும் அழிந்துவிட்டது. எஞ்சியதும் அழிந்தால் மீளாது.

இங்கு பஞ்சாயத்து உறுப்பினர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய சட்டங்கள் சில உண்டு. மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடமும் கல்லுடைப்பும் தடை செய்யப்பட்டுள்ளன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இதனை வகுத்துள்ளது. உழும்போது பழங்காசோ, நகையோ, பிற புதைபொருளோ கிடைப்பின், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் உழவர் கடமையாகும். கலப்பையில் தாழி தட்டுப்பட்டால் உடைத்துப் பார்த்தல் தகாது. உடைந்த தாழி சரித்திரம் சொல்லாது.

கண்மாய்களுக்கும் இவ்வாறே. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடையவை பொதுவாக ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலுள்ளன. பருவமழைக்கு முன்பே வரத்துவாரியைத் தூர் நீக்கி, மடையையும் கலிங்கையும் செப்பனிட்டு, கரையைப் பலப்படுத்துதல் நலம். வாரியை ஒருவர் ஆக்கிரமித்தால் ஊர் முழுவதும் நீரின்றி வாடும். இதனைக் கிராம சபையில் எடுத்துப் பேசித் தீர்மானித்தல் வேண்டும்.

ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊரின் குன்று, கண்மாய், கல்வெட்டு, பழங்கோயில் ஆகியவற்றைப் பட்டியலிட்டு ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். செலவு மிகச் சிறிது, பயனோ பெரிது. விதானத்துக் குளம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அதன் கீழ்ப்புறமும் மேற்புறமும் உள்ள மெய்க்குளங்களை நிறைத்து வைப்பது நம் கையிலேயே உள்ளது.