லாபம், இரண்டு, மூன்று

நெல் அளக்கும் வியாபாரி முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணமாட்டார். "லாபம்" என்பார். அடுத்தது "இரண்டு", "மூன்று" என்று போகும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துச் சிறு ஷெட்களில் ஜனவரியில் போடும் இலக்கும் "லாபம்" என்றுதான் ஆரம்பிக்கிறது. "இந்த வருஷம் டர்ன்ஓவர் அரைக் கோடி" என்று காலண்டரின் ஓரத்தில் எழுதி வைப்போம். இரண்டாவது மரக்கால் என்ன, மூன்றாவது என்ன என்று யாரும் எண்ணுவதில்லை.

டர்ன்ஓவர் நம் கையில் இருக்கும் எண்ணே அல்ல. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலை ஒரகடத்தில் திறந்தன. இவற்றைச் சுற்றி டையர்-1, டையர்-2 என்று அடுக்கடுக்காகத் தொழிற்சாலைகள். கடைசி அடுக்கில் ஜாப் ஒர்க் ஷெட். மேலே வண்டி விற்றால் கீழே ஷெட்யூல் வரும்; அங்கே நின்றால் இங்கேயும் நிற்கும். அவர்கள் போடும் எண்ணை நம் இலக்காக எழுதி வைத்துக்கொள்கிறோம்.

நம் கையில் இருப்பவை மூன்று எண்கள்: விற்ற மணி, வசூல் நாள், பெரிய வாடிக்கையாளரின் பங்கு. ஒரு மாதிரி ஷெட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி., இரண்டு ஷிஃப்ட், நான்கு ஆபரேட்டர், ஒரு செட்டர். இன்ஸ்பெக்‌ஷன், டெலிவரி சலான், வாடிக்கையாளர் போன் எல்லாம் உரிமையாளர் தலையில். மெட்டீரியல் வாடிக்கையாளருடையது. கூலி, வாடகை, ரேட் எல்லாம் மாதிரிக்கு எடுத்தவை. உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

நாள் கணக்கு

ஆண்டுக்கு 365 நாள்.
ஞாயிறு: 52
தேசிய, பண்டிகை விடுமுறை: 9 (தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அவற்றோடு வேறு 5)
பொங்கல், தீபாவளிக்கு ஊர் போனவர்கள் திரும்பும் வரை: 5
வாடிக்கையாளர் ஆலையின் பராமரிப்பு ஷட்டவுன்: 6
மழை, மின்தடை: 3
மீதி: 290 நாள்.

மழைக்கு 3 நாள் போதுமா என்று கேட்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த வட்டாரத்துப் பெரிய ஆலைகளே நின்றன. சாதாரண வருஷத்துக்குத்தான் 3.

ஷிஃப்டுக்குச் சாப்பாடு, டீ நேரம் போக ஏழரை மணி நேரம். இரண்டு ஷிஃப்டுக்கு 15. 290 நாளுக்கு மெஷின் ஒன்றுக்கு 4,350 மணி, மூன்றுக்கும் 13,050. இதில் பில் போடக்கூடிய வெட்டு நேரம் 70 சதவீதம் என்று வைத்தால் 9,135 மணி. விற்பனைக்கு நம்மிடம் உள்ள சரக்கு இவ்வளவுதான்.

செலவுக் கணக்கு (மாதத்துக்கு, ரூபாயில்)

ஷெட் வாடகை: 30,000
இ.எம்.ஐ. (35 லட்சம், 7 ஆண்டு, 10.5 சதவீதம்): 59,000
ஆபரேட்டர் 4 பேர், தலைக்கு 17,000: 68,000
செட்டர்: 26,000
மின்சாரம் (சுமார் 5,000 யூனிட்): 42,000
இன்சர்ட், டிரில், கூலன்ட், ஆயில்: 32,000
மெஷின் பழுது: 10,000
வண்டி வாடகை: 12,000
ஆடிட்டர், காப்பீடு, கேஜ் காலிபரேஷன், போன்: 8,000
ரிஜெக்‌ஷன், டெபிட் நோட்: 6,000
தீபாவளி போனஸுக்கு மாதாமாதம் ஒதுக்குவது: 8,000
கூட்டல்: 3,01,000

பெரும்பாலான ஷெட்களில் கணக்கு இந்த வரியோடு முடிகிறது. உரிமையாளர் சம்பளம் என்று ஒரு வரி சேர வேண்டும். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கி இரவு பதினொன்றுக்கு இறக்குபவருக்கு 45,000 ரூபாய் வைப்போம். மாதம் 3,46,000, ஆண்டுக்கு 41,52,000. இதை 9,135 மணியால் வகுத்தால் மணிக்கு 454 ரூபாய் 50 காசு. நம் மணி ரேட் இது. இதற்குக் கீழே வேலை எடுத்தால் யாரோ ஒருவர் சம்பளத்திலிருந்து கொடுக்கிறோம் என்று பொருள்.

லேத், வி.எம்.சி. சேர்த்துச் சராசரியாக 420 ரூபாய் கிடைக்கிறது என்று வைப்போம். ஆண்டு பில் 38,36,700. துண்டு விழுவது 3,15,300. ஆபரேட்டர் சம்பளம் நிற்காது, இ.எம்.ஐ. நிற்காது. உரிமையாளருக்கென்று வைத்த 5,40,000-இல்தான் அது குறையும். அவருக்கு மிஞ்சுவது 2,24,700, மாதம் 18,725. ஆபரேட்டரைவிட 1,725 கூட, செட்டரைவிட 7,275 குறைவு. முதலாளி என்று கூப்பிடப்படுகிறவரின் சம்பளம் அந்த ஷெட்டில் இரண்டாம் இடத்தில் இருக்கிறது.

இந்த நிலையில், வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து வழக்கமான விலைக்குறைப்புக் கோரிக்கை வருகிறது. "3 பர்சென்ட்தானே சார்." பில்லில் 3 சதவீதம் என்றால் 1,15,101 ரூபாய். உரிமையாளர் கையில் நின்ற 2,24,700-இல் அது 51 சதவீதம். கோரிக்கை வைப்பவருக்கு அது 3, கொடுப்பவருக்கு 51. புத்தாண்டில் இந்த ஒரு கழித்தலையாவது போட்டு வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டும்.

லாபம்: 27 நிமிடம்

ரேட்டை நாம் உயர்த்த முடியாவிட்டாலும் மணியைக் கூட்டலாம். 70 சதவீதத்தை 76 ஆக்கினால் 783 மணி கூடுதல். மணிக்கு 420-இல் டூல் செலவு 42 போக 378 நிற்கும். மொத்தம் 2,95,974 ரூபாய். விழுந்த துண்டு கிட்டத்தட்ட அடைபடுகிறது. 783 மணியை 290 நாளால் வகுத்து, மூன்று மெஷின், இரண்டு ஷிஃப்ட் என்று ஆறால் வகுத்தால், ஒரு ஷிஃப்டில் ஒரு மெஷினுக்கு 27 நிமிடம். ஒரு டீக்கும் ஒரு போனுக்கும் போகிற நேரம்.

இந்த 27 நிமிடத்தை எங்கே தேடுவது? விற்காமல் போன 3,915 மணியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

செட்டிங்: 1,500
மெட்டீரியலுக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் காத்திருந்தது: 900
இன்சர்ட் மாற்றம், அளவு பார்த்தல்: 700
மெஷின் பழுது: 415
ஆள் வராதது: 400

செட்டிங் ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 1,000 செட்டிங். அதை 60 நிமிடமாக்கினால் 500 மணி மிச்சம். மீதி 283 மணியைக் காத்திருப்பில் குறைக்க வேண்டும். 500-ம் 283-ம் சேர்ந்தால் 783.

1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸில் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ அதை முதலில் 90 நிமிடமாகவும், பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலையை மெஷின் நிறுத்திய பிறகு செய்யாதே என்பதுதான் அவருடைய முறையின் சாரம். நம் ஷெட்டில் அதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். குடைந்த சாஃப்ட் ஜாவுக்கு நம்பர் போட்டு அலமாரியில் வைப்பது, அடுத்த வேலைக்கான டூலை முதல் வேலை ஓடும்போதே ஹோல்டரில் மாட்டி நீளம் அளந்து வைப்பது, ஓடிய புரோகிராமை அழிக்காமல் சேமிப்பது, ஒரே விட்டத்து வேலைகளை அடுத்தடுத்து ஓட்டுவது. ஆபரேட்டர் மெஷின் நின்ற நேரத்தையும் காரணத்தையும் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு.

மெஷினே இல்லாத தனியாளுக்கும் கணக்கு இதுதான். கேட் (CAD) டிராயிங், ஃபிக்ஸ்சர் டிசைன் செய்கிறவர் கைக்கு 50,000, செலவுக்கு 15,000 வேண்டும் என்றால், மாதம் 65,000-ஐ 26 நாள், 8 மணி என்று 208-ஆல் வகுத்து 312 ரூபாய் 50 காசு என்று ரேட் சொல்லிவிடுகிறார். ஆண்டுக்கு 240 நாள் வேலை, அதில் பாதி நேரம் கொட்டேஷன், மீட்டிங், திருத்தம் என்று போனால் விற்கக்கூடியது 960 மணி. 7,80,000-ஐ 960-ஆல் வகுத்தால் 812 ரூபாய் 50 காசு. இடையில் இருக்கும் 500 ரூபாய்தான் அவர் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம்.

இரண்டு: 30 நாள்

38,36,700-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 45,27,306. நாளொன்றுக்கு 12,404 ரூபாய். வாடிக்கையாளர் 90 நாளில் கொடுத்தால் வெளியே நிற்கும் பணம் 11,16,360. ஜி.எஸ்.டி.யோ வசூலுக்காகக் காத்திருக்காது. பில் போட்ட மாதத்துக்கு மறு மாதமே கட்ட வேண்டும். கைக்கு வராத பணத்துக்கு வரி கட்ட வங்கி ஓவர்டிராஃப்டில் (ஓ.டி.) எடுக்கிறோம்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு. வங்கி விகிதம் 5.5 என்றால் 16.5 சதவீதம். ஆனால் அந்த வட்டிக்கு மனுப் போட்டவருக்கு அடுத்த மாத ஷெட்யூல் வருமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதில் பொய்யில்லை.

சண்டை போடாமல் கேட்க இரண்டு வழி இருக்கிறது. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற விதியைச் சேர்த்தது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிக் கொடுத்தால், கொடுத்த வருஷத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். எனவே பிப்ரவரியிலேயே உத்யம் சான்றிதழ் நகலோடு பாக்கிப் பட்டியலை அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு அனுப்புங்கள். கேட்பது நீங்கள் என்றாலும் நெருக்குவது அவர்களுடைய ஆடிட்டராக இருப்பார். அடுத்தது டிரெட்ஸ் என்ற பில் தள்ளுபடி இணையத் தளம். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31-க்குள் அதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. வாடிக்கையாளர் அதில் பில்லை ஏற்றுக்கொண்டால் நாம் தள்ளுபடிக்கு வங்கியிடம் விற்றுப் பணம் எடுக்கலாம்.

முதல் வருஷத்திலேயே 45 நாள் வேண்டாம். 90-ஐ 60 ஆக்குவது இலக்கு. 30 நாளில் கைக்குத் திரும்புவது 3,72,120 ரூபாய். 12 சதவீத ஓ.டி. வட்டியில் ஆண்டுக்குச் சுமார் 44,650 மிச்சம். இந்த 3,72,120-ஐ நினைவில் வையுங்கள்.

மூன்று: 40 சதவீதம்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் ஓடத் தொடங்கி 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. அது நின்ற விதத்தில் ஜாப் ஒர்க் ஷெட்டுக்குப் பாடம் உண்டு. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கால் இந்த ஆலை கைமாறவில்லை. கடைசி ஆறு மாதம் அது மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்தது. அதாவது ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த ஆலை, ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஜாப் ஒர்க் ஷெட்டாக ஆகியிருந்தது. அந்த ஒரு ஆர்டர் நின்றதும் ஆலையும் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் அதன் அருகே பாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது.

மூடுவிழாதான் வர வேண்டும் என்றில்லை. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சாம்சங் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. அவர்கள் கேட்டதன் நியாயம் வேறு கட்டுரை. ஷெட் உரிமையாளர் அந்த 37-ஐத் தன் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய வாடிக்கையாளர் 37 நாள் எடுக்கவில்லை என்றால்:

அவர் பங்கு 70 சதவீதமானால் பில் இழப்பு 2,72,000. மிச்சமாகும் மின்சாரம், டூல், வண்டி முதலியவற்றைக் கழித்தால் 1,84,000.
40 சதவீதமானால் இதே கணக்கில் 1,05,000.

உரிமையாளரின் ஆண்டு வரும்படி 2,24,700 என்று பார்த்தோம். 70 சதவீதப் பங்கு என்றால் ஐந்தில் நான்கு பங்கு அந்த 37 நாளில் போய்விடுகிறது. அதனால் 70-ஐ ஒரே வருஷத்தில் 40 ஆக்க முடியாது என்றாலும், இந்த வருஷம் 60 என்று எழுதலாம். கார் அல்லாத வேலையாக இருந்தால் இன்னும் நல்லது: பம்ப், வால்வு, மருத்துவக் கருவி.

அதுவரை தாக்குப்பிடிக்க இருப்பு வேண்டும். மெஷின் ஓடினாலும் நின்றாலும் போகிற வாடகை, இ.எம்.ஐ., சம்பளம், ஆடிட்டர்-காப்பீட்டுச் செலவு ஆகியவை மாதம் 1,91,000. இரண்டு மாதத்துக்கு 3,82,000. மாதாமாதம் சேர்த்தால் 10,600 வீதம் மூன்று வருஷம் ஆகும். வசூலை 30 நாள் முன்னே கொண்டுவந்ததில் திரும்பிய பணம் 3,72,120. அதில் இன்னொரு மெஷினுக்கு முன்பணம் கட்டாமல் தனிக் கணக்கில் போட்டால், குறைவது 9,880 ரூபாய் மட்டுமே. இரண்டாவது மரக்கால் மூன்றாவதை நிரப்பிவிடுகிறது.

எப்போது எழுதுவது

ஜனவரி 1-ஆம் தேதி இங்கே வேலை நாள்தான். அந்த மாத ஷெட்யூல் டிசம்பரிலேயே வந்திருக்கும். வரிக்கணக்கின் புத்தாண்டு ஏப்ரல் 1. நடுவில் போகியிலிருந்து காணும் பொங்கல் வரை ஆபரேட்டர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கம்ப்ரெசர் சத்தம் இல்லாத ஷெட்டில், நின்ற நேரம் எழுதிய நோட்டையும் போன வருஷத்து பில் புத்தகத்தையும் பிரித்து வைத்து உட்கார அந்த நாள்கள் போதும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு வைத்த சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில் சாக்பீஸால் மூன்று வரி:

செட்டிங் 60 நிமிடம்.
வசூல் 60 நாள்.
பெரிய வாடிக்கையாளர் 60 சதவீதம்.

மூன்றும் 60-ஆக வந்தது இந்த மாதிரிக் கணக்கில் தற்செயல். உங்கள் ஷெட்டில் வேறு எண்கள் வரும். ஊரிலிருந்து திரும்புகிற செட்டர், "இது என்னண்ணே?" என்று கேட்டால் முதல் வரியை மட்டும் விளக்குங்கள். அது அவர் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் உங்கள் கையில்.