உஷார்! புகார் மனுவில் யார் யார் பெயர்?

பெண்ணைப் பெற்றவர்களே, உஷார்! புகுந்த வீட்டில் அடிபட்டு மகள் திரும்பி வந்திருக்கிறாள், மகளிர் காவல் நிலையத்துக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குத் துணையாக நானும் ஒருமுறை போனேன். இடது தோளில் ரத்தம் கட்டிக் கன்றிப்போயிருந்தது. போட்டுக்கொண்டு போன 22 பவுனும் அடகில். கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடிக்கும் கடையில் உட்கார்ந்தோம். அவள் சொன்னதெல்லாம் கணவனையும் மாமியாரையும் பற்றித்தான். டைப் அடித்தவர் நிமிர்ந்து, "வீட்ல வேற யாரெல்லாம் இருக்காங்க? எல்லார் பேரையும் போடுங்க, அப்பத்தான் பயப்படுவாங்க" என்றார். அவளுடைய சித்தப்பாவும் தலையாட்டினார். கல்யாணம் முடிந்த பத்தாம் நாளே மஸ்கட் திரும்பிவிட்ட நாத்தனார், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் கொழுந்தன் என்று ஏழு பெயர் ஏறிவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

எதிர்த்தரப்பு வக்கீல் உயர் நீதிமன்றத்தில் முதலில் நீட்டியது நாத்தனாரின் பாஸ்போர்ட்டை. அவர் மீதான வழக்கு ரத்தானது. அதோடு போயிற்றா? இதில் பொய் சொன்னவள் மற்றதில் மட்டும் உண்மை சொல்வாளா என்ற பேச்சு கிளம்பி, அந்தத் தோள் காயத்தையே சந்தேகப்பட வைத்துவிட்டது.

வரதட்சணைச் சாவுகளுக்கு எதிராகப் பெண்கள் இயக்கங்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கி 1983இல் கிடைத்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86ஆம் பிரிவுகள். மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், எடுத்த எடுப்பில் கைது கூடாது என்றது உச்ச நீதிமன்றம். படுத்த படுக்கையான தாத்தா பாட்டியைக்கூடக் கைது செய்த காலம் அது. அந்தத் தீர்ப்பு நியாயமானதுதான். 2024 டிசம்பரில் அதே உச்ச நீதிமன்றம், குறிப்பான குற்றச்சாட்டு இல்லாமல் உறவினர்களை இழுத்துவிடும் வழக்குகளை முளையிலேயே கிள்ள வேண்டும் என்றது. வழக்குப் பதிந்து இரண்டு மாதம் கைது கூடாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை 2025 ஜூலையில் அங்கீகரித்தது. அந்த இரண்டு மாதமும் அடிபட்டவள் என்ன செய்வாள்?

பெண்ணியம் குடும்பத்தைக் கெடுத்துவிட்டது, இந்தச் சட்டத்தையே ஒழித்துக்கட்டு என்று கூச்சல் போடுகிறவர்களுக்கு நாம் சேர்க்கும் ஒவ்வொரு வெற்றுப் பெயரும் தீனி. 2022இல் மட்டும் இந்த நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட வரதட்சணைச் சாவு வழக்குகள் பதிவானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. மஸ்கட் நாத்தனாரைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த நாத்தனாரும் ஒரு பெண்தானே? செய்யாத தப்புக்கு அவள் எதற்காக விமானம் ஏறி வந்து கோர்ட் படி ஏற வேண்டும்?

யார், எந்தத் தேதியில், என்ன செய்தார் என்று மட்டும் எழுதுங்கள். நகை ரசீது, அடகுச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஜீவனாம்சம் கேட்டால் மகளின் சம்பளத்தை மறைக்காதீர்கள். 2020இல் வந்த ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்குப் பிறகு இருதரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். மறைத்தது தெரிந்தால் கேட்டதும் கிடைக்காமல் போகலாம்.

மனு தயாரானதும் உங்கள் மகள் கையில் கொடுத்து ஒருமுறை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். தனக்கு நடக்காதது ஒரு வரி இருந்தாலும் அவளே அடிக்கட்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று டைப் அடிப்பவர் யோசனையைக் கேட்க வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். தொலைபேசி எண் 15100.