எரியாத கண்ணும் காய்ஞ்சிருக்கலாம்

பேரணாம்பட்டுல ஷூ கம்பெனியில நாள் பூரா தையல் மிஷின் முன்னாடி உட்கார்றவங்க, டேனரியில பஃபிங் தூசிக்குள்ள நிக்கிறவங்க, வீட்டுல குனிஞ்சு பீடி சுத்துறவங்க, பல பேர் சாயங்காலமானா கண்ணைக் கசக்குவாங்க. தூசி, பசை நெடி, வெயில்னு காரணம் தயாரா இருக்கும். தப்பில்ல. ஆனா அவங்களுக்குச் சர்க்கரையும் இருந்தா, இமைக்குள்ளயும் ஒரு காரணம் ஒளிஞ்சிருக்கலாம். ஐசிஎம்ஆர் ஆய்வு 2023ல சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அதனால இது யாரோ ஒருத்தர் வீட்டுக் கதை இல்ல.

கண்ணீர் மேல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் உண்டு. அது இல்லன்னா கண்ணீர் சட்டுனு ஆவியாயிடும். இமை ஓரத்துல, முடிக்குப் பின்னாடி வரிசையா இருக்கிற மெய்போமியன் சுரப்பிகள்தான் அந்த எண்ணெயைக் கொடுக்குது. 1666ல இதை விவரிச்சு எழுதின ஹைன்ரிக் மெய்போம்ங்கிற ஜெர்மன் மருத்துவரோட பேரு அது. கண் சிமிட்டுற ஒவ்வொரு தடவையும் துளி எண்ணெய் வெளிய வரும். வேலையில கவனமா இருந்தா சிமிட்டுறதே குறைஞ்சு போயிடும், அது வேற.

சர்க்கரை பல வருஷமா கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கு இந்த எண்ணெய், மார்கழி மாசத் தேங்காய் எண்ணெய் மாதிரி கெட்டியாகி சுரப்பியோட வாயை அடைச்சிடலாம். நாள்பட்டா சுரப்பியே சுருங்கிடும்.

இதைவிட எனக்குப் பயமா இருக்கிறது இன்னொண்ணு. சர்க்கரையால பாதம் மரத்துப்போகும்னு எல்லாருக்கும் தெரியும். கருவிழி நரம்பும் அப்படியே மரத்துப்போகலாம். உறுத்தல் தெரிஞ்சாத்தானே கண்ணீர் ஊறும், சிமிட்டத் தோணும்? ரெண்டும் குறைஞ்சு, கருவிழியில புண் வர்ற வரைக்கும் வலியே தெரியாம இருக்கலாம். எரிஞ்சுக்கிட்டிருந்த கண்ணு தானா எரியாம போச்சுன்னா, சரியாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க.

வீட்டுல செய்யறதுக்கு ஒண்ணு இருக்கு. சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, மூடின கண் மேல அஞ்சு, பத்து நிமிஷம். ஆறினா மறுபடி நனைங்க. அப்புறம் மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவா நீவுங்க. கை மரத்துப்போனவங்களுக்குச் சூடு தெரியாது. அதனால வீட்டுல வேற யாராவது தொட்டுப் பார்த்துட்டுக் கொடுக்கட்டும். மெடிக்கல் ஷாப்புல கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மட்டும் வாங்கிப் போடாதீங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும்.

டேனரி சுண்ணாம்பு கண்ணுல தெறிச்சா இந்த ஒத்தடம் எதுவும் கூடாது. அந்த இடத்துலயே தண்ணியை ஓடவிட்டு விடாம கழுவிட்டு, நேரா ஆஸ்பத்திரி.

வேலூர் ஆரணி ரோட்டுல சிஎம்சியோட ஷெல் கண் மருத்துவமனை இருக்கு. எங்க போனாலும் சரி, வருஷா வருஷம் விழித்திரை பார்க்கப் போறப்போ, சொட்டு மருந்து விடுறதுக்கு முன்னாடியே "இமையையும் கண்ணீரையும் பாருங்க டாக்டர்"னு சொல்லிடுங்க. கீழ் இமையில சின்னக் காகிதப் பட்டை வெச்சு, 5 நிமிஷத்துல எவ்வளவு நனையுதுன்னு பார்ப்பாங்க. சொட்டு விட்டதுக்கப்புறம் பார்த்தா அந்தக் கணக்கு சரியா வராது.