திசையறிந்து ஒளியை விழுங்கும் படிகங்கள்

பாலிக் புலாவ் தோட்டங்களில் மூங்கில் பிளப்பவரைக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். நாரின் வழியே கத்தி சென்றால் மூங்கில் ஒரே வீச்சில் இரண்டாகும். குறுக்கே சென்றாலோ பலமுறை ஓங்கினும் எளிதில் இறங்காது. பொருள் ஒன்றே, திசைக்கேற்ப அதன் இயல்பு வேறு. இதனைத் ‘திசைமாறு பண்பு’ எனலாம். படிகங்கள் பலவற்றில் இப்பண்பு இயற்கையாகவே அமைந்துள்ளது. அதன் துணையால் அகச்சிவப்புக் கதிரை விழுங்கும் மெல்லிய தகடுகளை ஆக்கும் முயற்சி இன்று வளர்ந்து வருகின்றது.

அகச்சிவப்புக் கதிர் யாது? 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், சூரிய நிறமாலையில் செந்நிறத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். ஒளியே தெரியாத அவ்விடத்தில் வெப்பம் ஏறக் கண்டார். அக்கதிரே இது. வெப்பமுள்ள பொருள் யாவும் இதனை வீசும். மனித உடல் வீசுவது, 9 முதல் 10 மைக்ரான் அலைநீளத்தையொட்டி மிகுந்திருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இருளில் ஆளைக் காட்டும் கருவிக்கும், காற்றில் கலந்த நச்சு வாயுவைக் கண்டறியும் கருவிக்கும் இக்கதிரை உள்வாங்கும் பொருள் வேண்டும். கரியைத் தடிப்பாகப் பூசினால் போதாதோ? போதாது. தடித்த பூச்சு சூடேறக் காலம் பிடிக்கும். மேலும் அது எல்லா அலைநீளங்களையும் ஒருசேர விழுங்கும்; இன்ன வாயு என்று பிரித்தறிய உதவாது. மெல்லியதாகவும், வேண்டிய அலைநீளத்தை மட்டும் ஏற்பதாகவும் ஒரு பொருள் தேவை.

இங்கே ஒரு தமிழரை நினைவுகூர்தல் தகும். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்தபோது படிகங்களின் திசைமாறு பண்பை ஆராய்ந்தார். மெல்லிய இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது திரும்புவதை அளந்தார். பென்சில் கரியான கிராபைட்டில், அடுக்கின் வழியே மின்சாரம் எளிதிற் பாய்வதையும், அடுக்குக்குக் குறுக்கே அது பெரிதும் தடைப்படுவதையும் 1939-இல் கங்கூலி என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார். இன்றைய ஆராய்ச்சிக்கு அடிப்படையும் இத்தகைய அடுக்கமைப்பே.

ஒளியின் மின்புலத்துக்குப் பொருள் உடன்பட்டு நடந்தால் அதன் மின்பண்பு நேர்க்குறி பெறும். எதிர்த்து நடந்தால் எதிர்க்குறி பெறும். ஒளியலை பொருளினுள் ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு நெருக்கமாக மடியலாம் என்பதை ஒரு வளைவாக வரையலாம். கண்ணாடிக்கு அது வட்டம். இரு திசையிலும் நேர்க்குறியுடைய திசைமாறு படிகத்துக்கு நீள்வட்டம். இவை மூடிய வளைவுகள். ஆதலின் அலையின் நெருக்கத்துக்கு எல்லை உண்டு. ஒரு திசையில் நேர்க்குறியும் மற்றொரு திசையில் எதிர்க்குறியும் அமைந்தாலோ வளைவு திறந்து அதிபரவளைவு ஆகிவிடும். அப்போது அலை மிகக் குறுகி, மெல்லிய தகட்டினுள்ளேயே அடங்கி, அணுக்களின் அதிர்வாகி, இறுதியில் வெப்பமாக மாறும்.

உலோகமும் மின்கடத்தாப் பொருளும் மாறிமாறி அடுக்கி இப்பண்பைச் செயற்கையாகவும் பெறலாம். ஆயின் அப்பணி கடினமானது. அறுகோணப் போரான் நைட்ரைடில் இயற்கையே அதனைச் செய்து வைத்துள்ளது. அதன் அடுக்கினுள் பிணைப்பு வலிது, அடுக்குகளுக்கிடையே மெலிது. எனவே இரு திசை அதிர்வுகளும் வெவ்வேறு அலைநீளங்களில் நிகழ்கின்றன. ஏறத்தாழ 6.2 முதல் 7.3 மைக்ரான் வரையிலும், 12.1 முதல் 13.2 மைக்ரான் வரையிலும் அது அதிபரவளைவுப் பொருளாகும். மாலிப்டினம் ஆக்சைடு படிகத்திலோ மூன்று திசைகளும் மூவகைப்படும்.

இடர் ஒன்று உண்டு. எதிர்க்குறி பெறும் படிகம் கதிரை உள்ளே விடாமல் திருப்பியனுப்ப முற்படும். விழுங்க வேண்டிய பொருளே கண்ணாடி போலாகிவிட்டால் பயன் என்ன? இதற்கு இருவழி கூறுவர். ஒன்று, தகட்டின் மேல் நுண்ணிய வரிகளைச் செதுக்குதல். மற்றொன்று, படிகத்தின் அச்சு மேற்பரப்புக்குச் சாய்ந்திருக்குமாறு வெட்டுதல். சாய்வுக்கோணம் பொருந்தினால் கதிர் திரும்பாது உட்புகும் எனக் கணக்கீடுகள் காட்டுகின்றன. சாய்த்து வெட்டிய கால்சைட் படிகத்தில் புதுவகை அலைகள் மேற்பரப்பையொட்டிச் செல்வது 2021-இல் ஆய்வில் தெரியவந்தது.

ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளும் அந்தக் கால்சைட்டால் ஆனவையே. ஆயினும் அக்கல் அவ்வாறு நடவாது. அதன் சிறுமணிகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடப்பதால் ஒன்றின் பண்பை மற்றொன்று மறைத்துவிடும். ஒரே ஒழுங்கில் வளர்ந்த தனிப்படிகத்திலேதான் திசை தெரியும்.

ஆகவே பொருள் இன்னதென்பது மட்டும் போதாது. அதன் அணுக்கள் எத்திசையில் நிற்கின்றன, அது எவ்வாறு வெட்டப்பட்டது என்பனவும் பயனைத் தீர்மானிக்கின்றன. வட்டம், நீள்வட்டம், அதிபரவளைவு ஆகியவற்றைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர், கையில் ஒரு மூங்கில் துண்டையும் எடுத்துச் செல்வாராயின், மாணவர் இப்புதிய அறிவியலைத் தமிழிலேயே தெளிவாக உணர்வர்.