தைரொயிட் சத்திரசிகிச்சைக்குப் பின்னர்: நோன்பிலும் நிறுத்தக் கூடாத குளிசை

கழலைக்காகவோ புற்றுநோய்க்காகவோ தைரொயிட் சுரப்பியை முழுமையாக அகற்றியவர்களுக்கு வைத்தியர்கள் தைரொட்சின் குளிசை கொடுக்கின்றனர். "ஒபரேஷன் முடிந்துவிட்டதே, இனி எதற்குக் குளிசை?" என்று சிலர் அதை இடையில் நிறுத்தி விடுகின்றனர். இது ஆபத்தானது.

தைரொட்சின் என்பது அச்சுரப்பி அன்றாடம் சுரந்துவந்த ஹோர்மோன். சுரப்பி இல்லாத உடலுக்கு அதைக் குளிசையாகவே கொடுக்க வேண்டும். அயடீன் உப்போ மூலிகையோ இதற்கு ஈடாகாது. பாதிச் சுரப்பியை மட்டும் அகற்றியவர்களில் பலருக்குக் குளிசை தேவைப்படாது. முழுமையாக அகற்றியவர்களுக்கோ அது வாழ்நாள் முழுவதும் தேவை.

இரத்தத்தில் தைரொட்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் எடுக்கும். ஆகவே ஒருநாள் மறந்தால் பயப்படத் தேவையில்லை. ஆனால் நிறுத்தியவருக்கும் உடனே எதுவும் தெரியாது. சில வாரங்களில் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மறதி, உடல் பருமன், மாதவிடாய்க் கோளாறு என்பன தலைகாட்டும். நீடித்தால் இதயமும் பாதிக்கப்படும்.

இக்குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் எடுக்க வேண்டும். அடுத்த 30 முதல் 60 நிமிடங்களுக்கு உணவோ தேநீரோ கோப்பியோ கூடாது. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி தேவை.

ரமழானில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஸஹருக்கு எழுந்தவுடன் குளிசையை எடுத்து, அரை மணித்தியாலமாவது கழித்து உண்ணலாம். அல்லது இரவு கடைசியாக உண்டு 3 மணித்தியாலங்களின் பின், தூங்கும் முன் எடுக்கலாம். ஸஹர் சோற்றோடும் பால் தேநீரோடும் விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. எந்த வழி தனக்குப் பொருத்தம் என்பதை நோன்புக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அளவு மாற்றப்பட்டால் 6 முதல் 8 வாரங்களில் டீ.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பமடைந்தால் தைரொட்சின் தேவை அதிகரிக்கும். சிசுவின் மூளை வளர்ச்சிக்கும் அது அவசியம் என்பதால் உடனடியாக வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் சிலருக்கு, நோய் திரும்பாதிருக்க வேண்டுமென்றே சற்று அதிக அளவு கொடுக்கப்படும். எனவே அடுத்தவரின் அளவைப் பார்த்து நம் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வீட்டில் உம்மாவோ சகோதரியோ இக்குளிசை எடுப்பவராயின், இந்த நோன்பில் அவர் அதை எப்போது எடுக்கிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.