இணையத்தின் 'முகவரிப் புத்தகம்' யார் கையில் இருக்கிறது?

பாகான் டத்தோவில் இருந்தபடி கைப்பேசியில் ஓர் அகப்பக்கத்தைத் திறக்கிறீர்கள். ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால் அந்தப் பக்கம் வருவதற்குள் உங்கள் கைப்பேசி ஒரு கேள்வி கேட்டு, பதிலும் வாங்கிவிடுகிறது: "இந்தப் பெயருக்கு என்ன எண்?"

2024 செப்டம்பரில் மலேசியாவில் எழுந்த சர்ச்சை, இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதைப் பற்றியதுதான்.

டி.என்.எஸ். என்றால் என்ன?

இணையத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. அதை நாம் மனப்பாடம் செய்ய முடியாது. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவதுதான் டி.என்.எஸ். கைப்பேசியில் 'அம்மா' என்று தட்டினால் சரியான நம்பருக்கு அழைப்பு போகிற மாதிரிதான் இதுவும்.

'டாட் மை' என முடியும் முகவரி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர் முதலில் ரூட் சர்வரைக் கேட்கும். அது 'டாட் மை' சர்வரைக் கைகாட்டும். அங்கிருந்து அந்த அகப்பக்கத்தின் சொந்த டி.என்.எஸ். சர்வருக்குப் போனால் எண் கிடைத்துவிடும்.

இதற்கு யார் முதலாளி?

ஒரே முதலாளி கிடையாது. ரூட் சர்வர்களுக்கு 13 பெயர்கள். அவற்றை 12 அமைப்புகள் நடத்துகின்றன. உச்சப் பட்டியலை ஒருங்கிணைப்பது, 1998-இல் தொடங்கப்பட்ட ஐகேன் எனும் லாப நோக்கற்ற அமைப்பு. இந்தப் பணியில் அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை 2016 அக்டோபர் 1-இல் முடிவுக்கு வந்தது. 'டாட் மை' பெயர்களை மைநிக் நிர்வகிக்கிறது.

உங்களுக்கு மிக அருகில் இருக்கும் இணையச் சேவை நிறுவனமோ மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் (எம்.சி.எம்.சி.) உரிமத்தில் இயங்குகிறது. அதனால்தான் தடை உத்தரவுகள் அந்த நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வருக்கு வருகின்றன.

2024-இல் நடந்தது என்ன?

தடையைத் தாண்ட ஒரு குறுக்குவழி இருந்தது. கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 சர்வருக்கு மாறினால் போதும். இந்த வழியை அடைக்க, அந்த வெளிச் சர்வர்களுக்குப் போகும் கேள்விகளை உள்ளூர் சர்வர்களுக்கே திருப்பிவிடும்படி எம்.சி.எம்.சி. உத்தரவிட்டது. இயங்கலைச் சூதாட்டம், ஆபாசம், மோசடி போன்றவற்றிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்று அது விளக்கியது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. கூகுளிடம் கேட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். பதில் சொல்வதோ வேறொருவர். எந்தத் தளம், ஏன் மறைக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம் என்பதுதான் விமர்சகர்களின் கவலை. செப்டம்பர் 8-இல், இந்த முறையைத் தொடர வேண்டாம் என்று தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டார்.

உங்களுக்கு இதில் என்ன?

டி.என்.எஸ். மாற்றினால் நீங்கள் மறைந்துவிட மாட்டீர்கள். நீங்கள் தேடும் பெயர்களை இனி வேறொரு நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். மோசடித் தளங்களைத் தடுக்க வேண்டும் என்பதில் பலருக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் தடைப் பட்டியலை யார் தயாரிக்கிறார், தவறு நடந்தால் எங்கே முறையிடுவது? இந்த இரண்டையும் கேட்கும் உரிமை இணையம் பயன்படுத்தும் எல்லாருக்கும் உண்டு.