உங்களுக்குத் தெரியுமா? டாக்டரையே உற்றுப் பார்த்தவர்கள்!

டாக்டர் நம்மைப் பார்க்கிறார். அந்த டாக்டரையே ஒருவர் கடிகாரமும் நோட்டுமாகப் பக்கத்தில் நின்று பார்த்தால்? பார்த்திருக்கிறார்கள்! ஒன்றுவிடாமல் எண்ணியும் இருக்கிறார்கள்! பொறுக்கி எடுத்து வந்திருக்கிறோம், பிடியுங்கள்!

"உடம்புக்கு என்ன?" என்று டாக்டர் கேட்கிறார். நோயாளி ஆரம்பிக்கிறார். எவ்வளவு நேரத்தில் குறுக்கே பேச்சு விழும்? அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் 74 பேரின் உரையாடலை டேப்பில் பிடித்துக் கணக்குப் போட்டார்கள். 1984-இல் வந்த விடை: சராசரி 18 விநாடி! சொல்லவந்ததை முழுசாகச் சொன்னவர்கள் வெறும் 17 பேர்!

பேசவிட்டால் பொழுது போய்விடுமே என்கிறீர்களா? சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அதையும் பார்த்துவிட்டார்கள்! குறுக்கே பேசவே கூடாது என்று டாக்டர்களைக் கட்டிப்போட்டு, 335 நோயாளிகளை ஆசைதீரப் பேசவிட்டார்கள். 5 நிமிடம் தாண்டியவர்கள் எத்தனை பேர்? 7! சராசரி நேரம்? 92 விநாடி! இட்லி வேகக்கூட இதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும்!

அந்தப் பேச்சில்தான் புதையலே இருக்கிறது! 1975, பிரிட்டன். புதிதாக வந்த 80 நோயாளிகள். அனுப்பிய டாக்டரின் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்டதுமே சரியான நோய் பிடிபட்டது 66 பேருக்கு! தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு. லேப் சோதனையால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. அவ்வளவுதான்!

லாஸ் ஏஞ்சலீஸில் 47 டாக்டர்களிடம் கேட்டார்கள்: "தெரியாத ஒன்றைத் தேடவேண்டிய தேவை எப்போது வருகிறது?" "வாரத்துக்கு ஒரு தடவை" என்றார்கள். கூடவே இருந்து பார்த்தால்? 3 நோயாளிக்கு 2 சந்தேகம்! அதில் அப்போதே விடை கிடைத்தது 30 சதவீதத்துக்குத்தான். பெரும்பாலும் யாரிடமிருந்து? புத்தகத்திடமிருந்து அல்ல, இன்னொரு டாக்டரிடமிருந்து!

இனி வருவதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது!

ஆக்ஸ்ஃபோர்டு, ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனை. டாக்டர்கள் டேவிட் சாக்கெட்டும் ஷாரன் ஸ்ட்ராஸும் ஒரு தள்ளுவண்டி செய்தார்கள். மருந்து வண்டி அல்ல, அறிவு வண்டி! கம்ப்யூட்டர், ஆராய்ச்சித் தொகுப்புகள் அடங்கிய சி.டி.க்கள், புத்தகங்கள் என்று அத்தனையும் அதன்மேல். ரவுண்ட்ஸ் குழுவுக்குச் சந்தேகம் வந்தால் அங்கேயே தேடலாம். விடை எடுக்க ஆன நேரம் 10 முதல் 25 விநாடி!

ஒரே மாதத்தில் 98 தேடல்! பயிற்சி டாக்டர்களுக்குக் கைகொடுத்த 71 தேடல்களில் 37, நினைத்தது சரிதான் என்று சொன்னது. 18 புதிதாக ஒன்றைக் கற்றுத் தந்தது. மீதி 16? செய்துகொண்டிருந்ததையே மாற்றிவிட்டது! அந்த 16-க்காகவே வண்டியைக் கும்பிடலாம்!

அப்புறம் வண்டியை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சந்தேகம் 41 தடவை வந்தது. தேடிப் பார்த்தது? 5 தடவை! பக்கத்தில் இருந்தால்தான் கை நீளும்!

ஜெருசலேம் தீவிர சிகிச்சைப் பிரிவில் 4 மாதம் கண்காணித்தார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் நடக்கும் வேலைகள் எத்தனை தெரியுமா? சராசரியாக 178! அதில் தவறு? நாளுக்கு 1.7. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, சபாஷ்! ஆனால் டாக்டரும் நர்ஸும் வாய்விட்டுப் பேசிக்கொண்டது மொத்த வேலையில் 2 சதவீதம்தான். தவறுகளில் அந்தப் பேச்சின் பங்கு? 37 சதவீதம்!

ட்யூட்டி மாறும்போது சொல்லிவிட்டுப் போகிறார்களே, அதையும் விடவில்லை. 12 கற்பனை நோயாளிகள். அவர்களின் விவரத்தை வாய்மொழியாகவே கைமாற்றினார்கள். மூன்றாவது கைமாற்றத்தோடு தகவல் மொத்தமும் காலி! குறிப்பெடுத்துக்கொண்டு சொன்னால் ஐந்தாவது கைமாற்றத்துக்குப் பின்னும் 31 சதவீதம் மிஞ்சியது. அச்சடித்த தாளையும் சேர்த்துக் கொடுத்தால்? ஏறக்குறைய எதுவுமே தொலையவில்லை! ஒரே ஒரு தாள்!

சிட்னியில் 98 நர்ஸுகள் மருந்து கொடுப்பதைப் பார்த்தார்கள். 4,271 தடவை! பாதிக்கு மேல் நடுவில் யாராவது கூப்பிட்டிருக்கிறார்கள். குறுக்கீடு கூடக் கூடத் தவறும் கூடியது! வார்டில் நர்ஸ் கையில் மருந்து இருந்தால் தயவுசெய்து கூப்பிடாதீர்கள்!

பால்டிமோரில் 29 பயிற்சி டாக்டர்களின் பின்னால் 873 மணி நேரம் நடந்தார்கள். கம்ப்யூட்டர் முன் 40 சதவீத நேரம். நோயாளியிடம் நேரடியாக 12 சதவீதம். ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் 8 நிமிடம்!

கடைசியாக ஒரு கொரில்லா! நுரையீரல் சி.டி. ஸ்கேன் படத்துக்குள் கொரில்லா உருவம் ஒன்றை ஒளித்து வைத்தார்கள். தேடச் சொன்னது சின்னஞ்சிறு கட்டிகளை. பார்த்தவர்கள் 24 கதிரியக்க நிபுணர்கள். 20 பேர் கண்ணில் கொரில்லா படவே இல்லை! அதில் பெரும்பாலானோரின் பார்வை அதன் மேலேயே விழுந்து நகர்ந்திருக்கிறது. அவர்கள் தேடிய கட்டியைவிட கொரில்லா எத்தனை மடங்கு பெரிது தெரியுமா? 48!